அனுபானம்

சித்த மருத்துவ நூல்களைப் புரட்டுவோர் அடிக்கடி எதிர்ப்படும் சொல் அனுபானம். மருந்தோடு சேர்த்து உட்கொள்ளப்படும் துணைப்பொருள் என்பது அதன் பொருள். சூரணத்தைத் தேனில் குழைப்பர். பற்பத்தை நெய்யிலோ பாலிலோ கொடுப்பர். செந்தூரத்திற்கு வேறொன்று சொல்வர். நோய்க்கும் நோயாளிக்கும் ஏற்ற அனுபானம் அமைந்தால்தான் மருந்து தன் தொழிலைச் செவ்வனே செய்யும் என்பது அம்மருத்துவத்தின் துணிபு. அனுபானங்களுள் தேனுக்குத் தலையாய இடமுண்டு. தேன் தனித்தும் மருந்தாகப் பேசப்பட்டிருக்கிறது என்றாலும், நம் வீடுகளில் அது பெரும்பாலும் மருந்தைச் சுமந்து வந்த பொருளாகவே இருந்தது. திரிகடுகச் சூரணத்தின் காரத்தையும், குழந்தைகள் முகம் சுளிக்கும் கசப்பையும் அது தன்னுள் ஏற்றுக்கொண்டது.

இந்தச் சொல்லை இன்று மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை எங்களுக்கு நேர்ந்தது. குடலில் நேரும் நாட்பட்ட அழற்சிக்குத் தேனும், தேனீக்கள் தரும் பிற பொருள்களும் மருந்தாகுமா என்ற வினா எங்கள் வீட்டில் ஓராண்டுக்கும் மேலாகப் பேச்சாக இருந்தது. எங்களில் ஒருவருக்குப் பிழைப்பு கல்லூரியில் தமிழ் கற்பிப்பது. மற்றவருக்கு வங்கிக் கணக்கு. மருத்துவம் எங்கள் துறையன்று. ஆயினும் நோய் வீட்டுக்குள் வந்துவிட்டால் துறை பார்த்துப் படிக்க முடிவதில்லை.

நோயுற்றவன் எங்களில் ஒருவரின் தமக்கை மகன். எங்களை மாமா, அத்தை என்று அழைப்பவன். கோவையில் நூற்பாலை இயந்திரங்கள் வடிவமைக்கும் வேலை. 2019ஆம் ஆண்டு, இருபத்தாறு வயதில், அவனுக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்று கண்டறிந்தார்கள். பெருங்குடலின் உட்சுவர் சிவந்து, புண்பட்டு, குருதி கசியும் நோய் இது. கிருமி புகுந்து உண்டாக்குவதன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் குடலையே பகையாகக் கொண்டு தாக்குவதால் வருவது. இதற்கு நெருங்கிய உறவான கிரோன் நோய், வாய் முதல் ஆசனவாய் வரை செரிமானப் பாதையின் எப்பகுதியையும் பற்றக் கூடியது. முன்னதைச் சாமுவேல் வில்க்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1859இல் எழுதி வைத்தார். பின்னதை 1932இல் நியூயார்க்கில் கிரோனும் அவருடைய இரு தோழர்களும் விளக்கினர். இரண்டுமே வாழ்நாள் முழுதும் உடன் வருபவை. அடங்கும், மீண்டும் எழும், மறுபடி அடங்கும்.

இந்நோயின் வலி உடம்போடு நிற்பதில்லை என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அறிவர். அவன் கோவையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் வருவதை நிறுத்தினான். தொடர்வண்டியில் கழிவறை உண்டு, பேருந்தில் இல்லை. ஒரு திருமணத்திற்குப் போனால் பந்திக்கு முன் மண்டபத்தின் பின்புறத்தை ஒருமுறை நோட்டம் விட்டு வருவான். காரணத்தை யாரிடமும் சொல்ல மாட்டான். இதயநோய் என்றால் ஊர் இரங்கும். நீரிழிவு என்றால் தனக்கும் உண்டு என்று ஊரே கை தூக்கும். மலத்தில் குருதி போகிறது என்பதை எந்தக் கூட்டத்தில் சொல்ல முடியும்?

மருந்து இருந்தது. நாள்தோறும் மெசலமைன் 1.2 கிராம் மாத்திரைகள் இரண்டு. சில காலம் இரவில் மலக்குடல் வழியே செலுத்தும் மருந்தும். இந்த மருந்தின் வரலாறு சுவையானது. சுவீடனைச் சேர்ந்த நானா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டழற்சிக்காக உருவாக்கிய சல்ஃபாசலசின், குடல் அழற்சியையும் தணிப்பதைக் கண்டு 1940களில் எழுதினார். அந்த மூலக்கூற்றின் எந்தப் பகுதி உண்மையில் வேலை செய்கிறது என்பதை 1977இல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டறிந்தார்கள். அப்பகுதிதான் மெசலமைன். அதை உட்கொண்டு எங்கள் மருமகன் இரண்டாண்டுகளுக்கு மேல் நலமாக இருந்தான்.

2022இல் அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவன் மாத்திரைகளை நிறுத்திவிட்டான். எங்களுக்கு அது மே மாதத்தில்தான் தெரிந்தது. நண்பர் ஒருவரின் சொற்படி, காலையும் மாலையும் தேன். அதனுடன் புரோபோலிஸ் என்ற பெயரில் விற்கும் உறையிட்ட மருந்து.

"தேன்ல என்ன மாமா கெடுதல் இருக்கு? ஆச்சி எனக்குச் சின்ன வயசுலேர்ந்து கொடுத்ததுதானே" என்றான்.

அந்த வினாவுக்கு அப்போது எங்களிடம் ஆயத்தமான விடை இல்லை. விடையைத் தேடியே படிக்கத் தொடங்கினோம். படித்ததில் முதலில் தெரிந்தது, அவனுடைய நம்பிக்கை வெறும் மூடத்தனம் அன்று என்பதே.

தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். மிகச் சிறிய அளவில்தான் நொதிகள், கரிம அமிலங்கள், பூக்களிலிருந்து வந்த ஃபீனாலியப் பொருள்கள் ஆகியவை உள்ளன. எனினும் அந்தச் சிற்றளவு வேலை செய்கிறது. புண்களின் மேல் தேன் இடுவது பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கப்பட்ட காலம் போய், மருத்துவத்திற்கெனத் தூய்மைப்படுத்திய மனுக்கா தேன் கட்டுகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இல் ஏற்றது. அந்த நியூசிலாந்துத் தேனின் கிருமி கொல்லும் ஆற்றலுக்கு மீதைல்கிளையாக்சல் என்ற பொருளே காரணம் என்பதை 2008இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினர்.

புரோபோலிஸ் இன்னும் வியப்பானது. மரங்களின் மொட்டுகளிலும் பட்டைகளிலும் கசியும் பிசினைத் தேனீக்கள் திரட்டி வந்து, மெழுகுடன் சேர்த்து, கூட்டின் விரிசல்களை அடைக்கின்றன. நகரின் முன் நிற்பது என்னும் பொருள்படக் கிரேக்கர் அதற்குப் பெயரிட்டனர். அதிலுள்ள கஃபேயிக் அமில ஃபீனெதைல் எஸ்டர் என்ற பொருள், உயிரணுக்களுக்குள் அழற்சியை முடுக்கிவிடும் என்.எஃப். கப்பா-பி என்னும் புரதத்தைத் தடுப்பதாக 1996இல் ஆய்வுக்கூடத்தில் கண்டனர். குடல் அழற்சியிலும் மிகையாக முடுக்கப்படுவது அதே புரதம்தான். ஆகவே தேனீப் பிசினைக் குடலுக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று அறிவியலாளர் எண்ணியது இயல்பே.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எங்கள் கைக்கு எட்டியவற்றுள் தெளிவான ஆய்வு சண்டிகரில் நடந்து 2008இல் வெளியானது. எலிகளின் குடலில் வேதிப்பொருள் கொண்டு புண்ணை உண்டாக்கி, அவற்றுக்கு மனுக்கா தேன் கொடுத்தனர். தேன் உண்ட எலிகளின் குடல் குறைவாகவே சிதைந்திருந்தது. தேன், புரோபோலிஸ், ராயல் ஜெல்லி என்னும் வேலைக்காரத் தேனீக்களின் சுரப்பு ஆகியவற்றைக் கொண்டு பல நாடுகளில் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. பலவும் நல்ல முடிவையே சொல்கின்றன.

இதைப் படித்தபோது பரணரின் குறுந்தொகைப் பாடல் ஒன்று நினைவுக்கு வந்தது, அத்தொகையில் அறுபதாவது. உயர்ந்த மலையில் தொங்கும் பெருந்தேனடையைக் கீழிருந்து காணும் முடவன், உள்ளங்கையைக் குவித்து, தேனைச் சுட்டிக் காட்டி, வெறுங்கையை நக்கிக்கொள்கிறான். முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டது போல என்று பழமொழி அவனை ஏளனம் செய்யும். பரணர் ஏளனம் செய்யவில்லை. காதலன் அன்பு செய்யாவிடினும் அவனைப் பலகாலும் காண்பதே தன் நெஞ்சுக்கு இனிது என்று சொல்லும் பெண்ணுக்கு அவர் அம்முடவனை உவமையாக்குகிறார். நாட்பட்ட நோயாளியின் நம்பிக்கையைப் பேசுவோர் பழமொழியின் குரலில் பேசாமல் பரணரின் குரலில் பேசுவது நன்று. குணமாக வேண்டும் என்ற விழைவு யாரும் நகைக்கத் தக்கதன்று.

ஆனால் விழைவு வேறு, கண்டது வேறு.

எலியின் குடற்புண் வெளியிலிருந்து ஒரு வேதிப்பொருளால் உண்டாக்கப்பட்டது. குடிநீரில் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் கலந்து கொடுத்தால் ஒரு வாரத்தில் எலிக்கு அழற்சி வரும். அந்நீரை நிறுத்தினால் பெரும்பாலும் தானே ஆறத் தொடங்கும். மனிதனுக்கு வருவது அவ்வாறு நிறுத்தக்கூடிய நீர் அன்று. பல ஆய்வுகளில், புண் உண்டாவதற்கு முன்பிருந்தே பொருளைக் கொடுத்து, அது புண்ணைத் தடுக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். நோய் வந்து மூன்றாண்டு ஆனவனுக்கு அந்த வாய்ப்பில்லை.

அளவையும் நோக்க வேண்டும். சண்டிகர் எலிகள் பெற்றது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம், 10 கிராம் என்ற அளவில். குறைந்த அளவையே எடைக்கு எடை பெருக்கினால் 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் தேன். உடற்பரப்பைக் கொண்டு மாற்றும் மருந்தியல் முறையில் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 50 கிராம். உலக நலவாழ்வு அமைப்பு 2015இல் தந்த நெறிமுறை, தேனிலுள்ள இனிப்பையும் சேர்த்தே எண்ணி, நாளொன்றுக்கு 50 கிராம் சர்க்கரைக்கு மேல் வேண்டாம், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நன்று என்கிறது. மேலும் தேனில் குளுக்கோசைவிட ஃபிரக்டோஸ் மிகுதி. குடல் உறிஞ்சாமல் விட்ட ஃபிரக்டோஸ் நீரை இழுக்கும், நொதித்து வாயுவாகும், வயிறு உப்பும், சிலருக்கு மலம் இளகும். குடல்நோயாளிகள் பலருக்குப் பரிந்துரைக்கப்படும் ஃபோட்மேப் குறைந்த உணவுமுறையில் தேன் விலக்கப்பட்ட பொருள் என்பது எங்களுக்கே வியப்பாக இருந்தது.

இனி மனிதர்களிடம் செய்த சோதனைகள். அவை சில, அளவிற் சிறியன, குறுகிய காலத்தன. மெசலமைனுக்கு மாற்றாகத் தேனையோ புரோபோலிசையோ கொள்ளலாம் என்று சொல்லும் தகுதி அவற்றுக்கு இல்லை.

நாங்கள் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னோம். அவனிடம் இருந்த விடை எளியது: "எனக்கு நல்லாத்தானே இருக்கு, அத்தை." உண்மையில் நன்றாகத்தான் இருந்தான். குருதி இல்லை, வலி இல்லை, இரண்டு கிலோ எடை கூடியிருந்தது. அவனுடைய அம்மா வற்புறுத்தியதால் மலச்சோதனை ஒன்றுக்கு மட்டும் இசைந்தான். அழற்சியுற்ற குடலுக்குள் திரளும் வெள்ளணுக்கள் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை வெளியிடும். அது ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருப்பது பொதுவாக இயல்பு. 250ஐத் தாண்டினால் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது என்று கொள்வர். அவனுக்கு 480 காட்டியது. அவனுக்குத் தோன்றியது ஒன்று. தாளில் இருந்தது வேறொன்று. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்றான்.

சூலையில் நோய் எழுந்தது. நாளொன்றுக்குப் பதினைந்து முறைக்கு மேல் குருதியுடன் போயிற்று. மருத்துவமனையில் சேர்த்தபோது ஹீமோகுளோபின் 7. பதினொரு நாள் படுக்கை. நரம்பு வழியே ஸ்டீராய்டு. இரண்டு யூனிட் குருதி. ஐந்தாம் நாள் வரை மருந்துக்கு உடல் இணங்காவிட்டால் பெருங்குடலையே அகற்ற நேரலாம் என்று அறுவை மருத்துவரை அழைத்துவந்து காட்டினார்கள். நான்காம் நாள் இணங்கியது.

அவனைச் சேர்த்துக்கொண்ட மருத்துவர் நோய்க் குறிப்பில் 'ட்ரூலவ் – விட்ஸ், கடுமை' என்று எழுதியிருந்தார். அந்தப் பெயர்களைத் தேடிப் போனபோதுதான் எங்கள் வினாவுக்கு உண்மையான விடை கிடைத்தது. ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு ஆங்கில மருத்துவர்கள், கார்ட்டிசோன் இந்நோயைத் தணிக்குமா என்று அறிய 210 நோயாளிகளைக் கொண்டு நடத்திய சோதனையின் இறுதி முடிவை 1955இல் வெளியிட்டனர். ஒரு சாராருக்குக் கார்ட்டிசோன். மறு சாராருக்கு அதே தோற்றமுடைய, மருந்தில்லாத மாத்திரை. ஆறு வார முடிவில் கார்ட்டிசோன் உண்டவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 41 பேருக்கு நோய் அடங்கியது. வெறும் மாத்திரை உண்டவர்களில் அடங்கியது நூற்றுக்கு 16 பேருக்கு.

அந்தப் பதினாறு பேரைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு ஓய்வும் பராமரிப்பும் கிடைத்தன. நோய் தானே அடங்கும் பருவமும் வாய்த்தது. அந்த ஆறு வாரம் அவர்கள் தேன் குடித்திருந்தால் தேனால் குணமானோம் என்று சாகும்வரை சொல்லியிருப்பர். வெங்காயச் சாறு குடித்திருந்தால் வெங்காயத்தைச் சொல்லியிருப்பர். அவர்கள் பொய்யர்கள் அல்லர். தமக்கு நேர்ந்ததைத்தான் சொல்வார்கள். எழுந்தும் அடங்கியும் வரும் நோய்க்கு, அது அடங்கும் வேளையில் கையில் இருந்த பொருள் எதுவோ அதுவே மருந்தாகத் தோன்றும். எங்கள் மருமகன் தேன் தொடங்கியபோது நோய் ஏற்கெனவே அடங்கித்தான் இருந்தது, அடக்கியது மாத்திரை. மாத்திரை நின்ற பின்னும் சில மாதங்கள் நீடித்த நலத்தைத் தேன் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. 2003இல் அமெரிக்காவில் நோய் அடங்கியிருந்த 99 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, மெசலமைனை ஒழுங்காக உட்கொள்ளாதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் என்று கண்டது. அந்த எண்ணை நாங்கள் படுக்கையின் அருகே அமர்ந்துதான் படித்தோம்.

தமிழ் மாணவர்கள் எல்லோரும் அறிந்த வேறொரு பாடலும் குறுந்தொகையில் உண்டு. இறையனார் பெயரிலுள்ள இரண்டாம் பாடல். தருமிக்குப் பொற்கிழி பெற்றுத் தந்ததாகவும், நக்கீரரோடு பூசலை விளைத்ததாகவும் கதை வழங்குவது அதன் மேல்தான். கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற பூசலிலேயே நம் கவனம் நின்றுவிடுகிறது. பாடலுக்குள் நடப்பது வேறு. பூந்தாது ஆராய்ந்து வாழும் தும்பியை ஒருவன் சாட்சிக்கு அழைக்கிறான். எனக்கு உவப்பானதைச் சொல்லாதே, நீ கண்டறிந்ததைச் சொல் என்று கேட்கிறான். வகுப்பில் பல ஆண்டுகளாக நடத்தப்படும் பாடல் அது. மருந்தில்லாத மாத்திரையை ஒரு பக்கம் வைத்து மருந்தைச் சோதிக்கும் முறை கேட்பதும் அதையேதான் என்று அந்த மருத்துவமனையில்தான் விளங்கிற்று. தேனைப் பற்றி நாம் தேனீயையே கேட்டாலும் இப்படித்தான் கேட்க வேண்டும்.

தேனீயைக் கேட்டால் நம் நாட்டைப் பற்றி வேறு சிலவும் சொல்லும். குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தைச் சுற்றிய ஊர்களில் தேனீப் பெட்டிகளைக் காணாதவர் இல்லை. 1920களில் அங்கு ஊர்ப்புற மறுமலர்ச்சிப் பணி தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ.வும் ஸ்பென்சர் ஹாட்ச்சும் அத்தொழிலை ஊன்றினர். இன்று அங்கு எடுக்கும் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று. ரப்பர் மரத்தின் இளந்தளிர்க் காம்புகளில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து வருவது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னாட்டுப் பெட்டிகளைக் காலியாக்கியதை அங்குள்ள முதியவர்கள் இன்றும் சொல்வர். அந்தப் பெட்டிகளில் வாழும் நம் நாட்டு அடுக்குத்தேனீ, புரோபோலிஸ் சேர்க்கும் வழக்கமே ஏறத்தாழ இல்லாதது. பிசினை விரும்பிச் சேர்ப்பது கொட்டாத சிறு கொசுத்தேனீ. அல்லது இத்தாலியிலிருந்து வந்த தேனீ. ஐரோப்பியப் புரோபோலிஸ் பெரும்பாலும் பாப்லார் மரத்துப் பிசின். பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸ் வேறொரு செடியினுடையது. மரம் மாறினால் சரக்கு மாறும். ஆய்வில் வேலை செய்த பொருள்தான் அவன் வாங்கிய உறைக்குள் இருந்தது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

தேனுக்கும் அதே கேடு. டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020இல் சந்தையிலுள்ள 13 வணிகப் பெயர்களின் தேனை ஆராய்ந்தது. ஜெர்மனியில் நடந்த அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் கலப்படமற்றவை என்று தேறியவை மூன்றே. மருந்தென்று எண்ணி அரிசிச் சர்க்கரைப் பாகைக் குடிப்பவர் எத்தனை பேரோ!

இயற்கையானது ஆகவே தீங்கற்றது என்ற வாய்பாட்டையும் விட்டுவிட வேண்டும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது; அதிலிருக்கக்கூடிய நுண்வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து பாட்டுலிசம் என்ற வாத நோயை உண்டாக்கலாம். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கத்தை எங்கள் குடும்பத்தில் இப்போது நிறுத்தியிருக்கிறோம். புரோபோலிஸ் சிலருக்குத் தோலிலும் வாயிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். ராயல் ஜெல்லி உட்கொண்ட ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கடும் மூச்சுத்திணறல் நேர்ந்ததும், உயிர் போனதும் பதிவாகியுள்ளன. தேனீக்களைக் கொட்டவைத்துச் செய்யும் சிகிச்சையில் ஸ்பெயின் நாட்டுப் பெண் ஒருவர் இறந்ததை 2018இல் அந்நாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள்.

அப்படியானால் இயற்கைப் பொருள்களுக்கு இந்நோயில் இடமே இல்லையா? உண்டு. அதற்கு மஞ்சள் சான்று. ஜப்பானில் நோய் அடங்கியிருந்த 89 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட சோதனையில், எல்லோரும் வழக்கமான மெசலமைனையோ சல்ஃபாசலசினையோ தொடர்ந்து உட்கொண்டனர். ஒரு சாராருக்கு அதனுடன் மஞ்சளின் குர்க்குமின் நாளொன்றுக்கு 2 கிராம். மறு சாராருக்கு வெறும் மாத்திரை. ஆறு மாதத்தில் குர்க்குமின் உண்டவர்களில் நோய் திரும்பியது நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. மற்றவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு. சிறிய சோதனைதான், ஆனால் நேர்மையானது. அங்கே மஞ்சள் மருந்தை விரட்டிவிட்டு அதன் நாற்காலியில் அமரவில்லை; மருந்துடன் சென்றது. சித்தர் மொழியில் சொன்னால் அனுபானமாகச் சென்றது. தேனுக்கும் புரோபோலிசுக்கும் இத்தகைய சோதனைகள் பெரிய அளவில் நடக்க வேண்டும். கொசுத்தேனைக் காலங்காலமாக மருந்தென்று சிமிழில் வைத்துக் காக்கும் நம் நாட்டில் அவை நடந்தால் நாங்கள் முதலில் மகிழ்வோம்.

இவ்வளவும் படித்தபின் எஞ்சி நின்றது மருத்துவம் சாராத ஒரு செய்தி. மருத்துவமனையிலிருந்து வந்த சில நாள் கழித்து அவனே சொன்னான். மாத்திரை அட்டை மேசை மேல் கிடந்தால், வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, எதற்கு என்று கேட்பார்கள். பெண் வீட்டார் கேட்டால் என்ன சொல்வது? தேன் குப்பியை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. மாத்திரை அவனை நோயாளி என்று நாள்தோறும் இருமுறை சொன்னது. தேன் அவ்வாறு சொல்லவில்லை. அறிவியலைச் சொல்லி அவனோடு வழக்காடிய மாதங்களில், அவன் தேனிடம் கேட்டது இதைத்தான் என்பது எங்கள் புத்தகங்கள் எதிலும் இல்லை. மாற்று மருத்துவம் நாடிச் செல்வோரை அறியாமையின் பெயரால் கடிந்துகொள்ளும் நண்பர்கள் இதை நினைவிற் கொள்ள வேண்டும். நோயை வெளியில் சொல்ல இயலாத ஊரில், நோயென்று காட்டாத மருந்துக்கே மதிப்பு கூடும்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டு வேறோர் இடம் வந்தபோது, பெண்ணிடம் பேசிய முதல் நாளே தன் நோயின் பெயரைச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கு நாள் குறித்தார்கள். 2024இல் திருமணம் நடந்தது. சோதனை முடிவுகளை ஆண்டு வாரியாகக் கோப்பில் அடுக்கி வைப்பது இப்போது அவள்தான். இருவரும் கோவையிலிருந்து தொடர்வண்டியில்தான் வருகிறார்கள்.

தேனையும் அவன் விடவில்லை. மருத்துவரிடம் கேட்டு, ஒரு தேக்கரண்டி என்று அளவு வைத்துக்கொண்டான். ஆச்சிக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. மார்த்தாண்டத்திலிருந்து வாங்கி வந்த தேனை அவனுக்குக் கொடுத்தனுப்பும்போது மறவாமல் ஒன்று கேட்பார்: "மாத்திரை போட்டியா மக்ளே?" போட்டேன் என்று அவன் சொன்ன பிறகே குப்பி கைமாறும்.